அயன்மொழியார்க்குத் தமிழ் கற்பித்தலும் மரபு வழுவும்

ஒரு மொழியைப் பிறமொழியாளர்க்குக் கற்பிப்போர் எதனைக் கற்பிக்கின்றனர் என்னும் வினா எளிய வினாவாகவே தோன்றும். எழுத்தும் சொல்லும் தொடரமைப்பும் கற்பிக்கின்றனர் என விடை கூறி அமைந்துவிடலாம். ஆயின் எழுத்திலும் சொல்லிலும் தொடரிலும் குற்றம் ஒன்றும் இல்லாத பேச்சுக் கேட்டார் உள்ளத்தைப் புண்படுத்துதலும், வேற்றுமை உருபு மாறியும் வினைமுற்று மயங்கியும் வந்த பேச்சு அவர் உள்ளத்தைக் குளிர்வித்தலும் நாள்தோறும் காணும் நிகழ்ச்சிகள். ஆகவே மொழிப் பயிற்சியின் பயன் இலக்கணத் தூய்மையோடு முடிவதன்று என்பது பெறப்படும். ஐரோப்பியர் தமிழ் கற்கத் தொடங்கிய பதினாறாம் நூற்றாண்டு தொட்டு இன்றுவரை அவர்க்கென எழுந்த இலக்கணங்களும் கைந்நூல்களும் இப்பயனை எவ்வளவு கருத்திற் கொண்டன என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அந்நூல்களின் இலக்கணச் சிறப்பைப் பலரும் பேசியுள்ளனர். யாம் பேசப் புகுவது அதுவன்று.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது எம் வகுப்பறையில் நேர்ந்த பிழை ஒன்று. எம்பால் தமிழ் பயின்ற ஐரோப்பிய மாணவர் ஒருவரை, அவர் குடியிருந்த தெருவின் முதியவர் ஒருவர் தம் பெயர்த்தியின் திருமணத்திற்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். மாணவர்க்கு அந்நாளில் வெளியூர்ச் செலவு இருந்தது. அவர் மிகத் தெளிவாக, “மன்னிக்க வேண்டும், நான் வரமாட்டேன்” என்று கூறினார். முதியவர் முகம் வாடித் திரும்பினார். அதன்பின் சில திங்கள் அம்மாணவரோடு பேச்சைச் சுருக்கிக்கொண்டார். மாணவர் கருதியது வர இயலாமை. முதியவர் கொண்டது வர மனமின்மை. பிழை யாருடையது? எம்முடையது. ‘வருவேன்’ என்பதன் எதிர்மறை ‘வரமாட்டேன்’ என்று கரும்பலகையில் வாய்பாடு எழுதிக் கொடுத்தவர் யாமே. அவ்வாய்பாட்டில் இலக்கணக் குற்றம் யாதும் இல்லை. தன்மையிடத்தில் அச்சொல் மறுப்பின் வன்மையையும் உடன் தாங்கி வரும் என்பதும், தமிழர் ஓர் அழைப்பை மறுக்குங்கால் ‘வர முடியாது போலிருக்கிறது’ என்றோ ‘அன்றைக்கு ஊரில் இல்லாமற் போகிறேனே’ என்றோ காரணத்தின் மேலும் காலத்தின் மேலும் ஏற்றிக் கூறுவர் என்பதும் வாய்பாட்டில் இடம்பெறவில்லை.

இத்தகைய பிழைக்குத் தமிழ் இலக்கணத்தில் ஒரு பெயர் உண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திற்கு உரை கண்டோர் வழுக்களைத் திணை, பால், இடம், காலம், வினா, செப்பு, மரபு என எழுவகைப்படுத்துவர். முதல் நான்கும் மேலைநாட்டு இலக்கணங்களும் அறிந்தவை. எழுவாயும் பயனிலையும் தம்முள் இயையாமையால் வருவன. பின்னைய மூன்றும் வேறு இயல்பின. வினாவும் செப்பும் உரையாடுவோர் இருவர்க்கிடையே நிகழ்வன. ஊருக்கு வழி கேட்டார்க்கு நூலின் விலை கூறுதல் செப்பு வழு என்பது இலக்கணம் கற்றார் யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு. விலை கூறிய அத்தொடரில் சொற்குற்றம் இல்லை. கேட்டார்க்கு உதவாமையே குற்றம். யானை மேய்ப்பானை இடையன் என்றலும் ஆடு மேய்ப்பானைப் பாகன் என்றலும் மரபு வழுவாம். அன்றியும், எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களும் ஒரே பொருளைக் கேட்பார் மூவர்க்கு உரியனவாகப் பகுக்கப்பட்டுள்ளன: தாழ்ந்தோன் ஈ என்றும், ஒத்தோன் தா என்றும், உயர்ந்தோன் கொடு என்றும் கேட்பான். ஒருவரைப் பன்மையாற் கூறும் உயர்வுச் சொல்லோ, வழக்கில் ஏற்கப்படுவதன்றி இலக்கண நெறியால் அமைவதன்று எனக் கிளவியாக்கத்திற் கூறப்படும். இலக்கண நெறி வேறு, மாந்தரிடை வழங்கும் நெறி வேறு என்னும் தெளிவு அங்கே உளது. நன்னூலார் கூறும் தகுதி வழக்கு மூன்றும், அதாவது இடக்கரடக்கலும் மங்கலமும் குழூஉக்குறியும், இவ்வினத்தைச் சார்ந்தனவே.

ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். மேலைநாட்டார் புதிதாகக் கண்ட எதனையும் ‘எம் முன்னோர் அன்றே கூறினர்’ என முடித்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. யாம் அதனை விரும்புவதில்லை. தொல்காப்பியர் தமிழறிந்தார்க்குத் தமிழின் நெறி உரைத்தாரேயன்றித் தமிழறியாதார்க்கு அதனைப் பயிற்றும் முறை உரைத்தாரல்லர். மரபு வழுவை வழு என்று காட்டுதல் ஒன்று. மரபின்கண் பிறவாத ஒருவர் அதனுள் எவ்வாறு புகுதல் கூடும் என்று காட்டுதல் பிறிதொன்று. முன்னது நம்மிடம் உண்டு. பின்னதற்கு அயல்நாட்டார் எழுதிய நூல்களையே நாடல் வேண்டும்.

அவற்றுள் முற்பட்டது அண்டிரிக் அடிகளார் எனப்படும் என்ரிக்கே என்ரிக்கசு என்னும் போர்த்துக்கீசியத் துறவி எழுதியது. முத்துக்குளித்துறையில் வாழ்ந்த அவர் 1549-ஐ ஒட்டி எழுதிய இலக்கணம் ஏட்டளவில் இருந்து, 1982-இல் வெர்மீர் என்பாரால் பதிப்பிக்கப்பெற்றது. ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-இல் வெளிவந்தது. தமிழ்ச் சொற்களைப் போர்த்துக்கீசிய எழுத்தில், காதிற் கேட்டவாறு, எழுதிச் செல்லும் நூல் அது. அதனால் அக்காலக் கடற்கரைப் பேச்சுத் தமிழை அறிவதற்கு அது பெருந்துணையாகிறது. அவர்க்குத் தமிழ் எதற்கு வேண்டியிருந்தது என்பது 1580-இல் அவர் அச்சிட்ட பாவசங்கீர்த்தன நூலால் விளங்கும். பரதவ மக்கள் தம் நெஞ்சிற் கிடந்தவற்றைத் தாமே கூற, அதனைத் தாமே கேட்டுணர வேண்டிய கடமை அவர்க்கு இருந்தது. இடைநின்று மொழிபெயர்ப்பாரை வைத்து ஒருவர் குற்றத்தைக் கேட்டல் இயலாது. எனவே பேசுதற்கு மட்டுமன்றிக் கேட்டற்கெனவும் கற்ற முதல் ஐரோப்பியர் அவர் எனலாம். பின்வந்த கைந்நூல்களுட் பல இக்கேட்டலை மறந்துவிட்டன என்பது எம் கருத்து.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, ஊர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியரை அவர்தம் சிறுவரோடு தம்மிடம் வருவித்து, அச்சிறுவரோடு ஒப்ப மணலில் எழுத்தெழுதிக் கற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. இரண்டாண்டுக்குள் நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி மூன்றையும் செருமானியத்தில் பெயர்த்தார். ஒரு மக்களின் மொழியைக் கற்பவர் அம்மக்கள் தம் பிள்ளைகட்கு முதற்கண் எதனைக் கற்பிக்கின்றனரோ அதனையே தாமும் முதற்கண் கற்றல் வேண்டும் என்னும் நெறி இதில் உண்டு. இன்று அயல்நாட்டு மாணவர்க்கு நாம் முதலில் கொடுக்கும் பாடங்களோடு இதனை ஒப்புநோக்கின் நாணம் தோன்றும்.

அவர் 1716-இல் ஆல் நகரில் அச்சிட்ட இலத்தீன் வழித் தமிழிலக்கணத்தைவிட, 1712 முதல் 1714 வரை அவரும் அவர் தோழரும் தமிழரோடு நிகழ்த்திய கடிதப் போக்குவரத்தே எமக்குச் சிறப்புடையதாகத் தோன்றுகிறது. உணவு, மணம், கல்வி, மருத்துவம், வழிபாடு என வினாக்கள் விடுத்து விடைகளைக் கடிதமாகப் பெற்றனர். அவை ஏறத்தாழ நூறு. நும் வழக்கம் யாது, அதன் காரணம் யாது என அம்மக்களையே கேட்டல் அக்காலத்து ஐரோப்பியர் பலர் செய்யாத செயல். எனினும் அவ்வினாக்கள் விடுத்தவர் எதனைக் குறித்து விடுத்தார் என்பதை மறத்தலாகாது. மனம் மாற்றுதற்கென வினாயினார்க்கு விடை கூறுவோர் தம்மைக் காத்துக்கொண்டே கூறுவர். மேலும் அச்சில் நமக்குக் கிடைப்பன அக்கடிதங்களின் செருமானிய வடிவங்களே. தமிழர் எழுதிய தமிழ், பெறுநரின் மொழியாற் போர்க்கப்பட்டு நிற்கிறது. பண்பாடு கடந்த உரையாடலின் சிறப்பும் இடரும் ஒருங்கே காண விரும்புவார்க்கு இதனினும் நல்ல சான்று இல்லை.

வீரமாமுனிவரிடம் வருவோம். கொடுந்தமிழுக்கு ஒன்றும் செந்தமிழுக்கு ஒன்றுமாக அவர் இலத்தீனில் இரண்டு இலக்கணங்கள் எழுதினார். முன்னது 1728-இல் எழுதப்பட்டு 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. நம் இலக்கண ஆசிரியர்கள் பேச்சு வழக்கிற்குத் தனி இலக்கணம் எழுதாமை அவர்தம் குறையன்று. தாயிடம் கற்ற மொழிக்கு நூல் வேண்டுவதில்லை. வேண்டியவர் வந்தபோது நூலும் வந்தது. ஒரே மக்கள் இரண்டு தமிழை இரண்டு இடங்களில் ஆளுகின்றனர், இரண்டையும் அறியாதார் அம்மக்களோடு பழகல் இயலாது என்பதனைக் கற்பிக்கும் முறையாகவே வகுத்த பெருமை அவர்க்குரியது. பெர்குசன் என்னும் அறிஞர் இருநிலை வழக்கு என்னும் கருத்தை 1959-இல் விளக்குதற்கு இருநூற்றுமுப்பது ஆண்டு முன்னரே இது நிகழ்ந்தது.

ஆனால் அவர் பயிற்சிப் பாடமாக வைத்துச் சென்ற பரமார்த்த குரு கதையைப் பற்றி எமக்கு ஓர் ஐயம் உண்டு. உரைநடைத் தெளிவிற்கும் பேச்சோட்டத்திற்கும் அது போன்ற பாடம் அரிது. 1822-இல் பாபிங்டன் என்பார் அதனை ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொற்பட்டியோடும் இலண்டனில் பதிப்பித்ததும் தமிழ் கற்பார்க்கு உதவும் பொருட்டே. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என ஐந்து மாணாக்கர். ஆறு உறங்குகிறதா எனக் கொள்ளிக்கட்டை கொண்டு சோதிக்கும் கூட்டம். நகை இனிது. தம்மை எண்ணாது பிறரை எண்ணி ஒருவர் குறைவதாக அழும் கதை பல நாட்டிலும் வழங்குவது. எனினும், ஒரு நாட்டிற்குப் புதிதாக வந்தவர், அந்நாட்டார் போற்றும் குரு மாணாக்கர் உறவை எள்ளி நகைக்கும் கதை வழியாகவே அம்மொழியை முதலிற் பயில்வாராயின், அவர் நாவிற் படிவது தமிழ் மட்டுமோ? எள்ளலை உணர்தல் ஒரு மொழிப் பயிற்சியின் இறுதிப்படி; அதனை முதற்படியாக வைத்தல் ஆகாது. தன்னவரை எள்ளும் உரிமை உள்ளிருப்பார்க்கு உண்டு. விருந்தினர் அதனைக் காலந்தாழ்த்தே பெறுவர். நம் மக்கள் அக்கதையைத் தமதாக்கி மகிழ்ந்தனர் என்பது உண்மையே. அது மக்களின் பெருந்தன்மையைக் காட்டுமேயன்றிப் பாடத்தேர்வின் தகுதியைக் காட்டாது.

1812-இல் சென்னைக் கோட்டையில் கல்லூரி தோன்றியது. கும்பினியின் இளம் அலுவலர் தமிழும் பிற மொழிகளும் கற்ற இடம் அது. எல்லீசின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவது. அங்கே பணியாற்றிய தாண்டவராய முதலியார் 1826-இல் வெளியிட்ட பஞ்சதந்திரம் உரைநடைப் பாடநூலாக நெடுங்காலம் நின்றது. கல்லூரியின் தொண்டு பெரிது. எனினும் அக்கல்லூரியோடும், அதன்பின் அந்நூற்றாண்டில் எழுந்த கைந்நூல்களோடும், கற்பார் யார் என்பது மாறிவிட்டது. மணலில் எழுதியவர் மாணாக்கராக அமர்ந்தார்; கும்பினி அலுவலரோ தம் ஆசிரியர்க்கே மேலாளராக அமர்ந்தார். கற்பிப்பவர் சம்பளம் பெறுபவர். கற்பவர் நாளை வரி தண்டுபவர், வழக்குத் தீர்ப்பவர். இந்நிலையில் அவர்க்கு எத்தகைய தமிழ் வேண்டியிருக்கும்? ஏவும் தமிழ், உசாவும் தமிழ், எண்ணிக் கணக்கிடும் தமிழ். வேண்டிக்கொள்ளும் தமிழும், இணங்கா ஒன்றை நயமாக விலக்கும் தமிழும், துக்கம் கேட்கும் தமிழும் அவர்க்கு அருகியே தேவைப்பட்டிருக்கும்.

1850-களில் போப் வெளியிட்ட தமிழ்க் கைந்நூல், ஐரோப்பிய மொழிகளைக் கற்பித்தற்கு ஒல்லண்டார்ப் வகுத்த வினாவிடை முறையைத் தழுவியது என அதன் தலைப்பே கூறும். 1891-இல் ஆர்டன் எழுதிய படிமுறை இலக்கணம் பொதுவழக்குத் தமிழை நோக்கியது. இவ்விரு பெருமக்களின் உழைப்பையும் தமிழறிவையும் யாம் தலைவணங்கிப் போற்றுகின்றோம். ஒல்லண்டார்ப் முறையில் வரும் வினாவும் விடையும் உருபுகளைப் பழக்குதற்கு வந்தன. வினாவுபவர் யார், விடுப்பது யாரிடம், எவ்விடத்தில் என்பன அம்முறைக்கு வேண்டாதன. செப்பும் வினாவும் வழுவாது நிற்றல் தொல்காப்பிய நெறி. அங்கே வழுவ இடமே இல்லை, ஏனெனில் உரையாடுவோரே இல்லை. நீ, நீர், நீங்கள், தாங்கள் என்னும் முன்னிலைப் பெயர்களின் படிநிலையை அந்நூல்கள் விளக்காமல் இல்லை. ஆயின் அப்படிநிலை, இன்ன சொல் இன்ன தகுதியார்க்கு என நிலைத்ததொரு பட்டியலாக நிற்கிறது. வழக்கோ நிலைத்ததன்று. ‘நீர்’ என்பது தமிழகத்தின் பெரும்பகுதிப் பேச்சில் அருகிவிட்டது. நெல்லைப் பேச்சில் வாழ்கிறது. யாழ்ப்பாண வழக்கில் ஒத்தாரிடையும் கணவன் மனைவியரிடையும் நெருக்கம் காட்டுகிறது. நேற்றுவரை ‘நீங்கள்’ என்று அழைத்தவரை இன்று ‘நீ’ என்று அழைத்தல் நட்பின் வளர்ச்சியாகவும் இருக்கலாம், சண்டையின் தொடக்கமாகவும் இருக்கலாம். எது என்று அறிவது பட்டியலால் ஆவதன்று.

நாம், நாங்கள் என்பவற்றின் வேறுபாடு ஐரோப்பியர்க்கு இன்னும் பெரிய இடர். கேட்பாரை உளப்படுத்துவது முன்னது, உளப்படுத்தாதது பின்னது என எல்லா நூல்களும் கூறும். இறைவனை நோக்கி வேண்டுங்கால் ‘எங்கள் தந்தையே’ என்றே கூறுதல் வேண்டும். ‘நம்’ என்றால் இறைவனும் வேண்டுவோருள் ஒருவன் ஆகிவிடுவான். கிறித்தவ மன்றாட்டின் தமிழ் வடிவம் ‘எங்கள்’ என்று நிற்றல் இந்நுட்பம் உணர்ந்தே. இவ்வளவும் தருக்க நெறிக்கு உட்பட்டது, கற்பித்தற்கு எளிது. தருக்கத்தைக் கடந்த பகுதியே கற்பிக்கப்படாமல் நிற்கிறது. விருந்தினரை நோக்கி ‘நம் வீட்டில் கூச்சம் எதற்கு?’ என்கிறோம், வீடு விருந்தினருடையதன்று. தனி ஒருவர் ‘எங்கள் அம்மா’ என்கிறார். உடன்பிறந்தார் இல்லாதவரும் அங்ஙனமே கூறுகிறார். இவ்விடங்களில் உளப்பாடு எண்ணைக் குறிப்பதன்று, உறவைக் குறிப்பது. எம் மாணவி ஒருவர் எட்டுத் திங்கள் தங்கிய இல்லத்தில், கடைசி வரை ‘உங்கள் வீடு’ என்றே கூறிவந்தார். இலக்கணப்படி அது சரி. அவ்வில்லத் தலைவி எம்மிடம், ‘இத்தனை நாள் இருந்தும் அந்தப் பெண்ணுக்கு ஒட்டவில்லையே’ என்று வருந்தினார். இக்கட்டுரையில் யாம் ‘யாம்’ எனவும் ‘நாம்’ எனவும் மாறி மாறி எழுதுவதன் வேறுபாட்டைத் தமிழ் படிப்போர் கவனியாமலே உணர்வர். அதனைக் கவனித்து உணர வேண்டியவரே மொழி கற்பவர்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொழியியலார் இப்பொருளை நேரே எடுத்துக்கொண்டனர். டெல் ஐம்சு 1972-இல் வெளியிட்ட கட்டுரையில், தொடரை அமைக்கும் அறிவோடு அதனை எங்கு, எவரிடம், எப்போது கூறுவது என்னும் அறிவையும் சேர்த்தே மொழித்திறன் எனக் கொள்ளல் வேண்டும் என்றார். சென்னி தாமசு என்னும் அம்மையார் 1983-இல் பண்பாடுகளுக்கிடையே நேரும் வழக்குப் பிழைகளை இரண்டாகப் பகுத்தார். ஒன்று, கருதிய செயலுக்குரிய தொடர் தெரியாமையால் வருவது. மற்றொன்று, அச்செயலே அவ்விடத்தில் தக்கதா என்று தெரியாமையால் வருவது. எம் மாணவரின் ‘வரமாட்டேன்’ முன்னதற்குச் சான்று. உணவு பரிமாறும் தாயார்க்கு ஒவ்வொரு கரண்டிக்கும் ‘நன்றி’ கூறும் விருந்தினர் பின்னதற்குச் சான்று. அவர் சொல் சரி, ஆனால் நன்றி கூறும் செயலே அங்கு உறவை விலைப்படுத்திவிடுகிறது. அவ்வம்மையார் கூறும் இன்னொன்றும் எண்ணத்தக்கது. உருபு பிழைத்தால் கேட்போர் ‘இவர் மொழி அறியார்’ என்பர். வழக்குப் பிழைத்தால் ‘இவர் பண்பறியார்’ என்பர். மொழியைச் சரளமாகப் பேசுவார்க்கே இவ்விடர் மிகுதி.

வியப்புக்குரிய செய்தி ஒன்று. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பணிவுமொழி பற்றிய ஆராய்ச்சிக்கு அடிப்படையாக விளங்கும் பிரௌன், லெவின்சன் இருவரின் கொள்கை (முதலில் 1978, தனிநூலாக 1987) மூன்று மொழிகளின் சான்றுகள் மேல் எழுந்தது: ஆங்கிலம், மெக்சிகோ நாட்டுத் செல்தால் மொழி, தமிழ். அத்தமிழ் கோவை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிற் கேட்ட தமிழ். உலகெங்கும் பணிவைப் பற்றி எழுதுவோர் நம் சிற்றூர்ப் பேச்சை எடுத்துக்காட்ட, நம் தமிழ்த் துறைகளில் அந்நூலைக் கண்டோர் அருகியே உளர். அக்கொள்கையின்படி, கேட்பாரின் முகத்தை, அதாவது அவர் மதிப்பையும் உரிமையையும், காத்தலே பணிவு. இது பெரும்பாலும் பொருந்துவதே. ‘கொஞ்சம்’ என்னும் சிறுசொல்லையும், ‘கேட்கலாமா’ என்னும் வினாவையும், ‘-உங்கள்’ என்னும் பன்மை ஏவலையும் கொண்டே தமிழர் வேண்டுகோளை மென்மையாக்குவர். ‘தயவுசெய்து’ என்பதோ அறிவிப்புப் பலகைக்கும் விண்ணப்பத்திற்கும் உரியது. அண்டைவீட்டில் மோர் கேட்பார் அதனைக் கூறின் நகைப்பர். ஆயினும் மங்கலம் போன்றவை அக்கொள்கைக்குள் முற்றும் அடங்குமோ என ஐயுறுகிறோம். ‘போகிறேன்’ என்னாது ‘போய் வருகிறேன்’ எனலும், விளக்கை ‘அணை’ என்னாது ‘அமர்த்து’ எனலும், புறப்பட்டவரை ‘எங்கே’ என்று கேளாது ‘தூரமோ’ என்று கேட்டலும் யாருடைய முகத்தைக் காக்கின்றன? அவை கேட்பாரின் மதிப்பைக் காப்பனவல்ல, நிகழவிருப்பதைக் காப்பன. சொல்லுக்கு ஆற்றல் உண்டு என்னும் நம்பிக்கையின் மேல் எழுந்த இவ்வழக்கை மதிப்பு, உரிமை என்னும் அளவைகளால் அளத்தல் இயலுமா என்பதனைத் தமிழாராய்ச்சியாளர் நிறுவிக் காட்டல் வேண்டும்.

கற்பிக்கும் நூல்களும் மாறியுள்ளன. ஆசரும் அண்ணாமலையும் 2002-இல் எழுதிய நூல் உரையாடல்களைக் கொண்டு பேச்சுத் தமிழையே முதலிற் பயிற்றுகிறது. சிப்மனின் பேச்சுத்தமிழ் இலக்கணம் 1999-இல் வந்தது. இவ்வகையில் வீரமாமுனிவர் இட்ட வித்துத் தழைத்தது எனலாம். நம் வகுப்பறைகளிலோ நிலைமை வேறு. அயல்நாட்டு மாணவர் குறுந்தொகைப் பாட்டிற்குத் துறை கூறுவார். மருந்துக்கடையில் தம் நோயைக் கூற அறியார். எழுத்துத் தமிழில் காய் விலை வினவுவார். கடைக்காரர் ஆங்கிலத்தில் விடை கூறுவார். அவர் பிழை செய்தாரல்லர். தம்மைத் தொலைவில் நிறுத்திக்கொண்டார், அவ்வளவே. பேச்சைக் கற்பித்தால் எந்த வட்டாரப் பேச்சை, எந்தச் சாதிப் பேச்சை என்று தடை எழுப்புவோர் உளர். அத்தடை முற்றும் போலியன்று. எனினும் வானொலியும் திரைப்படமும் பலரும் உடன்படும் பொதுப்பேச்சை நெடுங்காலமாக வளர்த்துவிட்டன. தொடங்குதற்கு அது போதும்.

இவற்றினும் கடுமையான இடர் ஒன்றுண்டு. இதனைப் பேசாது விடுதல் நேர்மையாகாது. மரபு என்று யாம் இதுவரை கூறிவந்தது முழுதும் போற்றத்தக்கதோ? ஈ, தா, கொடு என்னும் பகுப்பிலேயே உயர்ந்தோனும் இழிந்தோனும் உளர். சென்ற நூற்றாண்டில் நம் ஊர்களில் வயது முதிர்ந்த உழைப்பாளியைச் சாதி பற்றிச் சிறுவரும் ‘நீ’ என அழைத்ததும், அவர் அச்சிறுவரை உயர்வுப் பன்மையால் அழைத்ததும் வழக்கே. லெவின்சன் தம் ஆய்வில் பதிந்த சிற்றூர் வழக்கும் இத்தகைய ஏற்றத்தாழ்வை உட்கொண்டது. ஏவலர்க்கு ‘நீ’ என்று பழைய கைந்நூல்கள் கூறியபோது பொய் கூறவில்லை, கண்டதையே கூறின. கண்டதைக் கற்பித்தலே ஆசிரியர் கடன் எனின், இன்று வரும் அயல்நாட்டு மாணவர்க்கும் அதனைக் கற்பித்தல் வேண்டும். விடுதியைப் பெருக்கும் அம்மையாரைச் சுற்றியிருப்போர் ‘நீ’ என்பதைக் கேட்டுத் தாமும் அங்ஙனம் அழைக்கும் மாணவர் மரபு வழுவாதவர் ஆவார். இதனை ஏற்க எம்மால் இயலவில்லை.

இங்குப் பைரம் 1997-இல் கூறிய கருத்து எமக்குத் துணையாகிறது. மொழி கற்பவர் அம்மொழி பேசுவாரின் நகலாக ஆக வேண்டுவதில்லை. இரு பண்பாட்டிற்கும் இடைநின்று இரண்டையும் நோக்கவல்லவராக ஆதலே குறிக்கோள் என்றார் அவர். அவ்வாறாயின் கேட்டறிதற்குரிய தமிழும் தாம் பேசுதற்குரிய தமிழும் ஒன்றாதல் வேண்டா. ‘நீ’ என்று ஒரு முதியவரை ஒருவர் அழைக்கக் கேட்பின் அதன் பின்னணி முழுதும் மாணவர்க்கு விளங்கல் வேண்டும். தாம் அவரை ‘நீங்கள்’ என்றும் ‘அம்மா’ என்றும் ‘ஐயா’ என்றும் அழைத்தல் வேண்டும். முறைப்பெயர்களை அயலார்க்கும் வழங்குதல் தமிழ் மரபின் விரிந்த பக்கம். அதன் குறுகிய பக்கத்தை விடுத்து இதனைக் கொள்ள அயலார்க்கு நம்மினும் எளிது, அவர்க்குப் பழைய கடன் இல்லை. எம் வகுப்பில் இப்பொழுது இவ்வாறே செய்து வருகிறோம். முன்னிலைப் பெயர்ப் பட்டியலை இரண்டு நிரலாக எழுதுகிறோம்: கேட்கக்கூடியன, கூறத்தக்கன. இரண்டாம் நிரல் மிகச் சிறியது. இது மரபைத் திரித்தல் என்று எம் துறை அறிஞர் ஒருவர் கடிந்துகொண்டார். மரபு வழுவை அமைத்துக் கொள்ளும் வழுவமைதியும் இலக்கணத்தில் உண்டு என்பதே யாம் அவர்க்குக் கூறிய விடை. அவர் அதற்கு உடன்பட்டாரல்லர்.

எதிர்மறை வாய்பாட்டையும் மாற்றியுள்ளோம். ‘வரமாட்டேன்’ என்பதன் அருகே இயலாமை, விருப்பின்மை, வேண்டாமை என்பவற்றைத் தனித்தனிச் சூழலோடு வைத்து, அழைப்பவராகவும் அழைக்கப்படுபவராகவும் மாணவரை நடிக்கச் செய்கிறோம். அம்முதல் மாணவர் இரண்டாண்டு கழித்து மீண்டும் வந்தார். அதே முதியவர் இப்போது இளைய பெயர்த்தியின் திருமணத்திற்கு அழைத்தார். இம்முறையும் மாணவர் ஊரில் இருக்க இயலாத நாள். நாங்கள் பயிற்றியவாறே அவர், “கட்டாயம் வரப் பார்க்கிறேன் ஐயா” என்றார். முதியவர் வாய்விட்டு நகைத்து, “அப்படியென்றால் வரமாட்டீர்கள், நன்றாகத் தமிழ் கற்றுவிட்டீர்கள்” என்றாராம்.